பஃபலோவிலிருந்து அப்பாவுக்கு

பஃபலோ
நியூயார்க் மாநிலம், அமெரிக்கா
29-1-2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் ஆச்சியும் தங்கச்சியும் நலமா? உங்கள் கடிதம் பொங்கலுக்கு முந்தின வாரமே வந்துவிட்டது. பதில் எழுத இவ்வளவு நாள் ஆக்கியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பனியில் இத்தனை பேர் செத்ததாகப் பேப்பரில் போட்டிருக்கிறதே, போனில் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் எனக்கு அதெல்லாம் சொல்ல வராது. நீங்கள் படித்துவிட்டுப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு ஆரம்பித்த பனிப்புயல் அது. ஊரும் சுற்றுவட்டாரமுமாக 40 பேருக்கு மேல் போய்விட்டார்கள். காருக்குள்ளேயே மாட்டிக்கொண்டவர்கள், ஆம்புலன்ஸ் வர முடியாமல் போனவர்கள். என்னை எதிர்வீட்டுப் பெரியவர் முதல் நாள் ராத்திரியே தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே விறகு அடுப்பு உண்டு, கரண்டு போன பிறகும் நாங்கள் விறைக்கவில்லை. மூன்று நாளும் ரசம் வைத்தேன். மூக்கில் தண்ணீர் வடிய வடிய டம்ளர் டம்ளராகக் குடித்தார்.

போன வருஷம் எழுதியிருந்தேனே, பஃபலோ பில்ஸ் அணி என்றால் உயிரை விடுகிறவர் என்று, அவர்தான். பில்ஸ் ஆடுவது அமெரிக்கக் கால்பந்து. பேர்தான் கால்பந்து, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். உங்களுக்குச் சொல்வதென்றால் கபடியைத்தான் சொல்ல வேண்டும். பக்கத்துக்கு 11 பேர். நாலு தடவைக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. பிடிக்க வருகிறவன் முழு உடம்போடு வந்து மோதுவான். நீங்கள் பார்த்தால் இரண்டே ஆட்டத்தில் பிடிபட்டுவிடும்.

செப்டம்பரில் முதல் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியன் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸை அவர்கள் மைதானத்திலேயே 31-10 என்று அடித்தார்கள். இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான் என்று பெரியவர் அன்றைக்கே சொல்லிவிட்டார். 1991 முதல் 1994 வரை வரிசையாக நாலு வருஷம் இறுதிப் போட்டிக்குப் போய் நாலிலும் தோற்ற அணி இது. முதல் தடவை ஒரே புள்ளியில், 20-19. இரண்டு கம்பத்துக்கு நடுவே போக வேண்டிய கடைசி உதை வலப்பக்கம் விலகிப் போனதை இன்றைக்கும் கையால் காட்டுவார். காட்டிவிட்டுக் கையைக் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருப்பார்.

ஆட்டம் உள்ள நாளில் எனக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு. எனக்கென்று டிவி வாங்கவில்லை, ஒரு ஆளுக்கு எதற்கு. கோழி றெக்கையைப் பொரித்துக் காரமான சாஸில் புரட்டித் தருவார். 1964-ல் இந்த ஊர்க் கடை ஒன்றில் ஆரம்பித்ததாம், இப்போது அமெரிக்கா முழுக்க இந்த ஊர்ப் பேரிலேயே விற்கிறது. நம் வீட்டில் றெக்கை குழம்புச் சட்டியில் கடைசியாகத்தான் கிடக்கும், இங்கே அதுதான் விருந்து. அம்மாவின் இட்லிப் பொடியை ஒரு தடவை அதன்மேல் தூவிக் கொடுத்தேன். அப்புறம் வாராவாரம் கேட்டார். பொடி நவம்பரில் தீர்ந்துவிட்டது. டப்பாவை இன்னும் கழுவவில்லை அப்பா. சில நாள் ராத்திரி திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடி வைக்கிறேன்.

நவம்பரிலும் ஒரு பனி. மைதானம் இருக்கிற ஆர்ச்சர்ட் பார்க்கில் ஆறடிக்கு மேல் கொட்டியது. ஊரை ஒட்டிய பெரிய ஏரி உறையாமல் இருக்கும்போது குளிர்காற்று அதன்மேல் வந்தால் ஈரத்தை அள்ளிவந்து இந்தக் கரையில் தட்டிவிடும். உள்ளூர் ஆட்டத்தை டெட்ராய்ட்டுக்கு மாற்றினார்கள். ஆட்டக்காரர்கள் வாசலைத் தாண்ட வழியில்லை. அக்கம்பக்கத்து ஜனங்கள் போய்ப் பனியை வெட்டி ஒதுக்கி அவர்களை ஏர்போர்ட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். தேர் மண்ணில் புதைந்தால் நம் ஊரே வந்து நெம்புமே, அது மாதிரி. அந்த ஆட்டத்தையும் ஜெயித்தார்கள்.

ஜனவரி 2-ஆம் தேதி ராத்திரிதான் என்னால் மறக்க முடியாதது. சின்சினாட்டியில் ஆட்டம். டமார் ஹாம்லின் என்று 24 வயதுப் பையன், 3-ஆம் நம்பர். எதிராளியைப் பிடித்துச் சாய்த்துவிட்டு எழுந்து நின்றான், நின்றபடியே மல்லாக்க விழுந்தான். நெஞ்சுத் துடிப்பு நின்றுவிட்டது. மைதானத்திலேயே மார்பை அழுத்தி உயிரை மீட்டார்கள். சுற்றி நின்ற ஆட்டக்காரர்கள் மண்டியிட்டு அழுதார்கள். ஆட்டத்தை அத்தோடு நிறுத்தினார்கள். பெரியவர் என் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கண் விழித்தான். தொண்டையில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. நாம் ஜெயித்தோமா என்று எழுதிக் கேட்டானாம்.

அதைக் கேட்டதும் எனக்கு உங்கள் நினைப்புதான். போன சித்திரையில் கிணற்றடியில் மயங்கி விழுந்தீர்களே, கண் திறந்ததும் மோட்டாரை நிறுத்தினீர்களா என்றுதான் கேட்டீர்கள் என்று தங்கச்சி சொன்னாள். அன்றைக்கு உங்கள் தலையைத் தாங்கிப் பிடிக்க நான் அங்கே இல்லை. அந்தப் பையன் செய்தி கேட்ட ராத்திரி பெரியவர் வீட்டிலிருந்து தெருவைத் தாண்டி வருவதற்குள் அழுதுவிட்டேன்.

அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். அடுத்த ஞாயிறு உள்ளூரில் முதல் பந்தையே ஒருவர் பிடித்து 96 கஜம் ஓடிப் புள்ளி எடுத்தார். பெரியவர் சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார். பொங்கலன்று மயாமியை 34-31. குக்கரில் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். போன வாரம் கொட்டும் பனியில் அதே சின்சினாட்டியிடம் 27-10 என்று தோற்று எல்லாம் முடிந்தது. பெரியவர் ஒன்றும் பேசாமல் டிவியை அணைத்துவிட்டு வாசல் பனியை ஒதுக்கப் போனார். நானும் கூடப் போனேன்.

சரி, வீட்டு விஷயம். மதுரையில் இதய டாக்டரிடம் காட்டினீர்களா? தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு இந்த வாரமே போங்கள். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த மாதம் அனுப்பியது கொஞ்சம் குறைவு, குளிர்காலத்தில் கேஸ் பில் கூடுதலாக வரும், அவ்வளவுதான். அம்மாவின் வளையலைச் சித்திரைக்குள் மீட்டுவிடலாம், வட்டியை மட்டும் இப்போது கட்டுங்கள். விருதுநகர் மாப்பிள்ளை வீட்டில் அவசரப்படுத்தினால், மூத்தவன் வந்துதான் பேசுவான் என்று சொல்லிவிடுங்கள். ஆச்சிக்குக் கண்ணாடி மாற்றியாயிற்றா?

மோட்டார் ரூம் சாவியை இனிமேல் சித்தப்பாவிடம் கொடுத்துவையுங்கள். ராத்திரித் தண்ணீர் பாய்ச்ச நீங்கள் போக வேண்டாம்.

அன்புடன்,
மூத்தவன்

பி.கு.: அத்தான் மார்ச்சில் வரும்போது இட்லிப் பொடி இரண்டு டப்பா கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். ஒன்று பெரியவருக்கு.