உண்டியல் காசு

ரங்கூன்

அன்புள்ள கண்ணம்மா,

அந்தப் பணம் உன்னால்தான் போச்சு என்று போனில் நீ சொன்னதைக் கேட்டு அப்பா முதலில் சிரித்தார். அப்புறம் எழுந்துபோய்க் கடைவாசலில் நின்றுகொண்டார். பேசினால் எனக்கும் அழுகை வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

1987 செப்டம்பர் 4, வெள்ளிக்கிழமை. காளியம்மன் கோயில் உண்டியலில் போடச் சொல்லி உன்னிடம் ஒரு கியாட் கொடுத்தேன். நீ புளிமிட்டாய் வாங்கித் தின்றுவிட்டாய். மறுநாள் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது, மாற்றியும் தரமாட்டோம் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். சரக்கெடுக்க அப்பா பிஸ்கட் டப்பாவில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்ததெல்லாம் அந்த நோட்டுகள்தான். உன் தம்பி ஒரு 35 கியாட்டில் கப்பல் செய்து மழைத்தண்ணீரில் விட்டான். ஆறு வயசுக்காரி நீ சாப்பிடாமல் அம்மன் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாய். உன்னால்தான் பணம் போச்சு என்று இத்தனை வருஷம் நினைத்திருக்கிறாயே!

அம்மாடி, அன்றைக்கு ஊரே அழுதது. கல்லூரிப் பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். அப்போது பர்மாவை ஆண்ட நே வின்னுக்கு ஒன்பதுதான் ராசி என்று பேச்சு. அதே மாதம் ஒன்பதால் வகுபடுகிற 45, 90 கியாட் நோட்டுகள் வந்தன. இதில் உன் புளிமிட்டாய் எங்கே வருகிறது?

தம்பி மகள் மனோதத்துவம் படிக்கிறாளே, அவளிடம் கேட்டேன். உன் பேரைச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகள் நிலா தங்கள் பின்னாலேயே வருவதாக நம்புவதைப் பியாஜே என்ற மனோதத்துவ அறிஞர் எழுதியிருக்கிறாராம். நிலாவே வருமென்றால் அப்பாவின் நஷ்டம் வராதா? 1971இல் ஹெலன் லூயிஸ் என்ற அம்மா, செய்த காரியத்தை நினைத்து உறுத்துவது வேறு, தன்னையே கேவலமாக நினைப்பது வேறு என்று பிரித்துக் காட்டினாராம். முதலாவதற்குப் பரிகாரம் செய்யலாம். இரண்டாவதற்கு என்ன செய்வது? அதுதான் உன்னிடம் ஒட்டிக்கொண்டது.

ஆபீசில் யாராவது பொருளைத் தொலைத்தால், கேட்குமுன்பே உன் பையைத் திறந்து காட்டுகிறாய். மேனேஜர் கூப்பிட்டாலே கை வேர்க்கிறது. சம்பளம் கூடினால் கூடினதை அப்படியே இங்கே அனுப்புகிறாய். பாசமான பிள்ளை என்கிறார்கள் பக்கத்து வீட்டில். எனக்கென்னவோ கடனுக்குத் தவணை கட்டுகிற மாதிரித்தான் தெரிகிறது.

போன வெள்ளிக்கிழமை உன் பேரில் உண்டியலில் போட்டுவிட்டேன். அம்மன் கணக்கு தீர்ந்தது. அப்பாவிடம் உனக்குக் கணக்கே கிடையாது.

இந்த மாதம் பணம் அனுப்பாதே. தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறாயே, அந்தக் கடைவாய்ப் பல்லைப் போய்க் காட்டு. ரசீதைப் படம் எடுத்து அனுப்பு, அப்போதுதான் நம்புவேன்.

அம்மா