நீ அனுப்பிய வீடியோ

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள கண்ணுவுக்கு,

உன் வாலிபால் பிள்ளைகளின் வீடியோ வந்தது. "பாஸ் நிக்கவே மாட்டேங்குது, சர்வீஸ் பாதி நெட்டிலேயே போகுது, பாத்துச் சொல்லும்மா" என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அதற்கப்புறம் எப்போது கூப்பிட்டாலும் "கிளாஸ்ல இருக்கேன்மா, வைக்கறேன்" என்கிறாய். சரி, அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது.

முதலில் பாஸ், வருகிற சர்வீஸை எடுத்துக் கொடுக்கிற வேலை. உன் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று மாற்றி மாற்றித் தட்டுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மேட்சில் பந்து வருவது ஒரு பக்கம், போக வேண்டியது வேறு பக்கம். வந்த திசைக்கே திருப்பித் தட்டிப் பழகின பிள்ளை, சர்வீஸையும் நெட்டுக்கு மேலே எதிராளி கையிலேயே கொடுத்துவிடும். அந்த ரெட்டைச் சடைப் பெண் அதைத்தான் செய்தாள். அவளைத் திட்டாதே, பழக்கியது அப்படி. அந்தப் பக்கம் ஒருத்தி சர்வீஸ் போடட்டும், இந்தப் பக்கம் ஒருத்தி எடுக்கட்டும், நெட்டோரம், அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர் நிற்கிற இடத்தில் ஒருத்தி நின்று பிடிக்கட்டும். ஒரே பந்துதான் இருக்கிறது என்றாலும் மூன்று பேருக்கும் வேலை உண்டு.

எல்லாருமே கையை வீசுகிறார்கள். பந்து வந்து சேர்வதற்கு முன்னால் கால் போய்ச் சேர வேண்டும், கை சும்மா காட்டினால் போதும். இதை நீ என் வாயால் எத்தனையோ தடவை கேட்டவள். முழங்கை மடங்கக் கூடாது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, இரண்டு கையும் சேர்ந்து தட்டையாக இருக்கிற இடத்தில் பந்து பட வேண்டும். கட்டைவிரலில் பட்டால் அது போகிற திசை கடவுளுக்குத்தான் தெரியும். இந்த வயசுப் பிள்ளைகளை முதலில் தட்டவே விடாதே. சர்வீஸில் வரும் பந்தை, குனிந்து, இடுப்புக்குக் கீழே, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் கையால் பிடிக்கச் சொல். பிடிக்கிற இடத்துக்கு ஓடி வந்து சேர்கிறவள் நாளைக்குத் தட்டவும் தட்டுவாள். அலுத்துக்கொள்வார்கள். அலுத்துக்கொள்ளட்டும். நீயும் அலுத்துக்கொண்டாய், சுவர் பக்கம் திரும்பி அழுதாய்கூட.

தரை சிமெண்டா? பக்கத்தில் மண் தரை ஒன்றும் கிடையாதா? பிள்ளைகளுக்காகத்தான் கேட்கிறேன்.

இனி சர்வீஸ். அடியைக் குறை சொல்லாதே, தூக்கிப் போடுவதைப் பார். பாதிப் பேர் பந்தைத் தலைக்குப் பின்னால் போட்டுவிட்டு வளைந்து அடிக்கிறார்கள், அந்த அடியில் பலம் இருக்காது. தூக்கிப் போட்டுவிட்டு அடிக்காமல் கீழே விழ விடச் சொல். வலது கைக்காரி என்றால் இடது காலுக்கு ஒரு சாண் முன்னால், வலது தோளுக்கு நேரே விழ வேண்டும். அது சரியாக விழுகிற வரைக்கும் அடி கிடையாது. ஃப்ளோட், அதான் சுற்றாமல் போகிற சர்வீஸ், போடுகிறவளுக்கு மணிக்கட்டு இறுகி இருக்க வேண்டும், உள்ளங்கையின் அடிப்பாகம் பந்தின் நடுவில் பட வேண்டும், பட்டதும் கை நின்றுவிட வேண்டும். பந்து சுற்றாமல் போனால்தான் காற்றில் ஆடும். நெட்டையும் இறக்கிக் கட்டு. 2.24 மீட்டர் பெரிய பெண்களுக்கு. இந்த வாண்டுகளுக்கு எதற்கு? நெட்டுக்கு 9 மீட்டர் தள்ளியிருக்கிற கோட்டிலிருந்து எட்டாதவள் 6 மீட்டரில் நின்று போடட்டும், வாரம் ஒரு அடி பின்னால் போகலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை.

நாங்கள் ஆடின காலத்தில் 15 பாயிண்ட், அதுவும் சர்வீஸ் போடுகிற டீமுக்கு மட்டும்தான். சர்வீஸை நெட்டில் அடித்தால் சர்வீஸ் கைமாறும், ஸ்கோர் அப்படியே நிற்கும். இப்போது 25, கெடுத்த சர்வீஸ் ஒவ்வொன்றும் எதிராளிக்குச் சும்மா கொடுக்கிற பாயிண்ட். உன் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு ஏறவே இல்லை. இன்னொன்று, நெட்டில் உரசி இந்தப் பக்கம் விழுந்த சர்வீஸைப் பார்த்துக்கொண்டு சிலையாக நிற்கிறார்கள். அந்தக் காலத்தில் அது ஃபவுல். இப்போது ஆட்டம் தொடரும். யார் அவர்களுக்குப் பழைய விதி சொல்லிக் கொடுத்தது? நானா, நீயா?

கடைசியில் நீயே ஜம்ப் சர்வீஸ் போட்டுக் காட்டுகிறாய். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? பால் சொசைட்டியில் வரிசையில் நின்ற எல்லாருக்கும் காட்டினேன். செயலாளர்கூடக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். வீட்டுக்கு வந்து மறுபடியும் பார்த்தேன். வலது காலில் இறங்குகிறாய். இரண்டு காலிலும் இறங்கத்தான் நான் சொல்லிக் கொடுத்தேன். அப்புறம் பந்து பொறுக்கப் போகும்போது இடது கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு குனிகிறாய்.

நம் ஊரில் மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கே இருந்து அடிக்கும்போது, காற்றோடு போட்டால் பந்து கோட்டைத் தாண்டும், எதிரே போட்டால் நெட்டுக்கு முன்னாலேயே தொப்பென்று விழும். அப்படியிருந்தும் நீ உள்ளே போட்டாய். தாழத் தூக்கிப் போடு, காற்றுக்கு நேரம் கொடுக்காதே என்று சொன்னதை உடனே பிடித்துக்கொண்டாய். வேலந்தாவளத்துப் பையன்கள் கோட்டோரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆடியில் காற்று மேற்கே இருந்து திரும்பினதும் பக்கம் மாறி நின்று பழகினாய். பெங்களூரில் அந்தக் காற்று இல்லை, ஜம்ப் சர்வீஸ் போட்டுத்தான் தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நின்றபடி ஃப்ளோட் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் கற்றுக்கொள்ள மாட்டார்களா? அவர்கள் குதிக்கப்போவதில்லையே.

வாலிபால் வீரர் ஜிம்மி ஜார்ஜ் இத்தாலியில் கார் விபத்தில் இறந்த செய்தி வந்தபோது, 1987 நவம்பர் கடைசி, நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். 32 வயது. முந்தின வருஷம்தான் சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கிய இந்திய டீமில் இருந்தார். இங்கே எல்லாரும் அவர் குதித்து அந்தரத்தில் நிற்பதைத்தான் பேசினார்கள், இன்றைக்கும் அதைத்தான் பேசுகிறார்கள். அவர் அடிக்க வேண்டுமானால் யாரோ ஒருவர் சர்வீஸை எடுத்து செட்டருக்கு ஒழுங்காகக் கொடுத்திருக்க வேண்டும். அந்த வேலைக்குக் கைதட்டல் கிடையாது. நான் அந்த வேலைக்காரி. நீ குதிக்கிறவள். அதில் எனக்குப் பெருமை இல்லை என்று நினைக்காதே, ஆனால் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தவளும் நான்தான்.

உன் கால் ஜவ்வு விஷயத்தில் கோயம்புத்தூர் டாக்டர் என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டாம். அவர் சொன்ன பயிற்சியை நீ விட்டுவிட்டாய் என்று மதுக்கரைச் சித்தி சொன்னாள். அவளிடம் சொல்கிறாய், என்னிடம் இல்லை. நீ பொய் சொல்கிறவள் இல்லை, கேட்டால் மட்டும் பதில் சொல்வாய், அது உங்கப்பா குணம். அதனால் கேட்கிறேன்: வீங்குகிறதா? படி இறங்கும்போது விட்டுப் போகிறதா?

ஆழியாற்றுத் தண்ணீர் வந்துவிட்டது, அப்பா வயலில் இருக்கிறார். தேங்காய் விலை பரவாயில்லை. வேறு செய்தி இல்லை.

ஒன்று மறந்துவிட்டேன். பாஸ் எடுக்கும்போது யாருமே குரல் கொடுக்கவில்லை, இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். தமிழோ கன்னடமோ, ஏதாவது ஒரு சொல்லை முடிவு செய்து கத்தச் சொல். வாயைத் திறக்காத டீம் தோற்கும். இதை நீயும் கேட்டுக்கொள்.

டாக்டரைப் பார்க்கிற தேதியைச் சொல், சொசைட்டியில் லீவு கேட்டு வைத்திருக்கிறேன். கோயம்புத்தூருக்கு நீ வந்தாலும் சரி, பெங்களூருக்கு நான் வந்தாலும் சரி. அப்பாவிடம் இன்னும் காலைப் பற்றிச் சொல்லவில்லை, வீடியோவின் முதல் பாதியை மட்டும் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கிளாஸ் இல்லை என்பது எனக்குத் தெரியும், கூப்பிடுவேன், எடு.

அம்மா