குறும்பர் ஓவியத்தைக் குறும்பரே வரையட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரியில் சுவர் விளம்பரம் எழுதிப் பிழைப்பவன் நான். ஃபிளெக்ஸ் வந்த பிறகு கடைப் பலகை வேலை அருகிவிட்டது. இப்போது அலுவலகச் சுற்றுச்சுவர்களுக்குத்தான் அதிகம் கூப்பிடுகிறார்கள். பழங்குடியினரைப் பற்றி விழிப்புணர்வு ஓவியம் வேண்டும் என்பார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் கையில் கொடுக்கும் மாதிரிப் படத்தில் இலையாடை, ஈட்டி, தலையில் இறகு! நீலகிரியில் அப்படி யார் இருக்கிறார்கள்?

இங்கே இருப்பவர்கள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த பூத்துக்குளி என்ற போர்வை தோடருடையது. இரும்பு வேலைக்கும் மண்பாண்டத்துக்கும் இசைக்கும் பேர் போனவர்கள் கோத்தர்கள். பணியர்கள் கூடலூர், பந்தலூர் பக்கம் அதிகம். எல்லோரையும் ஒரே ஈட்டிக்காரனாக்கிவிட்டால், அந்தச் சுவரைத் தாண்டிப் பள்ளிக்குப் போகும் இருளர் பிள்ளை தன் ஆட்களை அதில் எங்கே தேடும்?

இத்தனைக்கும் சுவரில் வரைவது குறும்பர்களுக்குப் பரம்பரைக் கலை. கோத்தகிரியை அடுத்த வெள்ளரிக்கொம்பைப் பக்கம் எழுத்துப் பாறையில் பழங்கால ஓவியங்கள் இருக்கின்றன. குறும்பரில் ஒரு பிரிவினரான ஆலு குறும்பர்கள் கோயில் சுவரிலும் வீட்டுச் சுவரிலும் வேங்கை மரப் பிசின், செம்மண், இலைச்சாறு கொண்டு வரைந்து வந்தார்கள். பாறையில் தேன் எடுப்பது, திருவிழா ஆட்டம், காட்டு விலங்குகள் எல்லாம் அதில் வரும். கோடுகள் எளிமையானவை. ஆனால் கயிற்றில் தொங்கித் தேனடையை அறுக்கும் ஆளின் உடல் எப்படி வளையும் என்பது அந்தக் கோட்டில் இருக்கும். நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் எனக்கு அந்த வளைவு கைவரவில்லை. பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் வரும். இந்தக் கலையைத் தொடர்பவர்கள் இன்று வெகு சிலரே.

பிரேசிலில் 2016 ஒலிம்பிக்ஸின்போது ரியோ துறைமுகப் பகுதியில் எடுவார்டோ கோப்ரா என்ற சுவர் ஓவியர் ஐந்து கண்டங்களின் பழங்குடி முகங்களைப் பிரம்மாண்டமாக வரைந்தார். உலகமே பார்த்தது. ஆனால் 2020-இல் பெலோ ஒரிசோன்ட்டி நகரில் ஓர் உயரமான கட்டடத்தின் பக்கச் சுவரை, ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல், துக்கானோ என்ற பழங்குடி இனத்தைச் சேர்ந்த ஓவியர் தையாரா துக்கானோவே வரைந்தார். அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இங்கேயும் அதைச் செய்யலாம். திறந்த சுவரில் பிசின் நிறம் நம் மலை மழைக்கு நிற்காது. எக்ஸ்டீரியர் எமல்ஷன்தான் வேண்டும். சுவரைச் சுரண்டுவது, பட்டி பார்ப்பது, பிரைமர் அடிப்பது, சாரம் கட்டுவது எல்லாம் எங்களைப் போன்றவர்கள் பார்த்துக்கொள்கிறோம். என்ன வரைவது, எப்படி வரைவது என்பதைக் குறும்பர்கள் முடிவு செய்யட்டும். எங்களுக்குக் கொடுப்பதற்குக் குறையாத கூலி அவர்களுக்கும் வேண்டும். ஓவியத்தின் கீழே வரைந்தவர் பெயரும் ஊரும் இருக்க வேண்டும். தேன் எடுக்கும் படத்துக்குப் பக்கத்தில், 2006 வன உரிமைச் சட்டப்படி தேன் போன்ற சிறு வன விளைபொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று நாலு வரி எழுதலாம். சுற்றுலா வருகிறவர்களும் படிப்பார்கள், நம்மூர்க்காரர்களும் படிப்பார்கள்.

மே மாதக் கோடை விழாவுக்கு முன்னால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிச் சுவர்களுக்கு வண்ணம் அடிக்கும்போது, ஊருக்கு ஒரு சுவராவது இப்படி ஒதுக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு சுவர் ஓவியர்,
கோத்தகிரி