அது மனப்பாடம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சியில் அடுத்தடுத்துப் பதினொரு கேள்விகளுக்குச் சரியான விடை சொல்லி வென்ற பெண்ணைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்து மனம் நிறைந்தேன். அந்தப் பெண்ணுக்கு ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் அறிவியல் கற்பித்தவள் நான். முப்பது வயதைக் கடந்துவிட்ட ஒருவரை 'அவள்' என்று எழுதுவதைப் பொறுத்தருள வேண்டும். எனக்கு வேறு விதமாக எழுத வரவில்லை.

ஆனால் செய்தியில் இரண்டு இடங்கள் என் மனத்தை உறுத்தின. அவளுடைய வெற்றிக்கு அபாரமான நினைவாற்றலே காரணம் என்று ஓரிடத்திலும், பன்னிரண்டாவது கேள்வியில் பெரும் பரிசைக் கோட்டைவிட்டாள் என்று மற்றோர் இடத்திலும் எழுதியிருந்தீர்கள். இரண்டும் சரியல்ல என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

பத்தாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள ஆகும் காலம், சூரியனை ஒருமுறை சுற்றிவர ஆகும் காலத்தைவிட அதிகமாக உள்ள கோள் எது என்பது கேள்வி. அவள் 'ஐம்பதுக்கு ஐம்பது' உதவியைக் கேட்டாள். செவ்வாயும் வியாழனும் நீங்கி, புதனும் வெள்ளியும் எஞ்சின. ஒரு கணம் கண்களை மூடிக்கொண்டு, "புதனுக்கு இரண்டும் சமம் என்று பழைய புத்தகத்தில் இருந்தது, ஆனால் அது தவறு" என்று தனக்குத்தானே முணுமுணுத்துவிட்டு, வெள்ளி என்று உறுதியாகச் சொன்னாள். அந்த முணுமுணுப்பைக் கேட்டதும் நான் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன்.

அவள் குறிப்பிட்ட பழைய புத்தகம் எங்கள் பள்ளி நூலகத்தில் இருந்தது. புதன் தன்னைச் சுற்றிக்கொள்ளவும் சூரியனைச் சுற்றிவரவும் 88 நாட்களே ஆகின்றன என்றும், அதனால் அதன் ஒரு பக்கம் எப்போதும் சூரியனையே பார்த்திருக்கும் என்றும் அதில் எழுதியிருந்தது. பாடப்புத்தகத்திலோ தற்சுழற்சிக்கு 59 நாட்கள் என்று இருந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுமி இரண்டையும் கையில் ஏந்திக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்து, "டீச்சர், எது சரி?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன். ஒரு வாரம் இருவரும் தேடினோம். 1965-இல் அரசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து ரேடார் அலைகளைப் புதன்மீது செலுத்தி, எதிரொலியை அளந்து, அது வரை பல பத்தாண்டுகளாக நம்பப்பட்டுவந்த 88 நாள் கணக்கு தவறு என்று கண்டறிந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. புத்தகம் அதற்கு முன்பே அச்சானது.

அத்தோடு அவள் நிற்கவில்லை. வெள்ளி தன்னைச் சுற்றிக்கொள்ள 243 நாட்கள், சூரியனைச் சுற்றிவர சுமார் 225 நாட்கள் என்றால், அங்கே ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் இடையே எத்தனை நாள் என்று கேட்டாள். மேசைமேல் ஒரு விளக்கை ஏற்றிவைத்து, அவளையே வெள்ளிக்கோளாக்கி அதைச் சுற்றி நடக்கச் சொன்னேன். பெரும்பாலான கோள்கள் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் வெள்ளி சுழல்வதால், நடக்கும்போதே உடலை எதிர்ப்பக்கமாக மெல்லத் திருப்பியபடி போக வேண்டியிருந்தது. ஒரு சுற்று முடிவதற்குள் விளக்கு ஏறக்குறைய இரண்டு முறை அவள் முகத்துக்கு நேரே வந்தது. தலை சுற்றியும் விடாமல் மறுபடி நடந்து பார்த்தாள். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டு, சுமார் 117 நாள் என்று எழுதிக் காட்டினாள். இதை மனப்பாடம் என்று எப்படிச் சொல்வது? அவள் விடையை நினைவில் வைத்திருக்கவில்லை, விடையை நோக்கி நடந்த வழியை நினைவில் வைத்திருக்கிறாள்.

இனி பன்னிரண்டாவது கேள்வி. விடை தெரியாமல் ஏதேனும் ஒன்றைச் சொல்லித் தவறினால் அதுவரை வென்றதில் பெரும்பகுதி போய்விடும், விலகிக்கொண்டால் வென்றது கையில் நிற்கும் என்பது இத்தகைய நிகழ்ச்சிகளின் விதி. அரங்கம் ஆரவாரித்து அவளைத் தூண்டியது. அவள் கைகளைக் கூப்பி, "எனக்குத் தெரியாது" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு எழுந்தாள். குரலில் குழைவும் இல்லை, கூச்சமும் இல்லை. பதினொரு சரியான விடைகளைக் காட்டிலும் அந்த ஒற்றைச் சொல்லே எனக்கு அதிகப் பெருமை தந்தது. அதைக் கோட்டைவிட்டதாக எழுதியதுதான் எனக்கு வருத்தம்.

செய்தி வெளியான நாள் முதல், அவள் எந்தப் பொது அறிவுப் புத்தகத்தை மனப்பாடம் செய்தாள் என்று கேட்டுப் பெற்றோர் சிலர் என்னைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். தங்கள் பிள்ளைகள்மேல் உள்ள அக்கறையால் கேட்கிறார்கள் என்பதால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனினும், நினைவாற்றல் என்று அச்சில் வந்த அந்தச் சொல்லே அவர்களை அப்படிக் கேட்க வைக்கிறது என்பதால், தாங்கள் ஒரு திருத்தம் வெளியிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான இரவு அவள் என்னை அழைத்தாள். பரிசைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. விலகிக்கொண்ட கேள்விக்கு உரிய விடை ஏன் சரி என்பதை அரை மணி நேரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர்