கேமராவை அணைத்துவிட்டுப் பேசுங்கள்: காலை நேர ஆர்ஜேக்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைப் பண்பலை நிலையங்களில் காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் ஆர்ஜேக்களுக்கும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவர்களுக்குக் கை காட்டும் தயாரிப்பாளர்களுக்கும், இவர்களுக்கெல்லாம் மேலே உட்கார்ந்து "நேத்து ரீல்ஸ் எவ்வளவு போச்சு?" என்று கேட்கும் நிகழ்ச்சித் தலைவர்களுக்கும் வணக்கம்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். வளசரவாக்கம் உள்தெருக்களில் பிள்ளைகளை ஏற்ற ஆரம்பித்து ஆற்காடு சாலையைப் பிடித்து வடபழனி தாண்டி இறக்கிவிடுவதற்குள் உங்கள் நிகழ்ச்சியில் பாதி முடிந்திருக்கும், மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தோண்டிய பிறகு முக்கால்வாசி. என் வண்டியில் இருப்பது பழைய ஸ்டீரியோ. புளூடூத் கிடையாது. பென்டிரைவ் சொருகுகிற ஓட்டையில் ஏதோ ஒரு வாண்டு சூயிங்கம் ஒட்டி வைத்ததோடு அந்தக் கதையும் முடிந்தது. ஆக எனக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கும் கும்பலுக்கும் மிச்சம் இருப்பது நீங்கள்தான். பிடிக்காமல் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள், பிடித்துத்தான் கேட்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். சமீபத்தில் ஒரு நாள் காலையில் இரண்டு ஆர்ஜேக்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த நிலையம் என்பது வேண்டாம், இப்போது எல்லா இடத்திலும் நடக்கிற கூத்துதான். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பேச்சின் நடுவில் ஒருவர், "டேய், இவன் போட்டிருக்கிற சட்டையைப் பாருடா" என்றார். இன்னொருவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்டுடியோவுக்குள் இருந்த மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள் போலிருக்கிறது, ஒரே கூச்சல். யாரோ மேஜையைத் தட்டுகிறார்கள், யாரோ "ஐயோ ஐயோ" என்கிறார்கள். இதெல்லாம் முடிந்து பாட்டும் போட்டுவிட்டார்கள். அந்தச் சட்டை என்ன நிறம், பூப்போட்டதா, கட்டம் போட்டதா, அப்பாவுடையதை மாட்டிக்கொண்டு வந்தாரா, ஒருவரும் சொல்லவில்லை. பின்சீட்டிலிருந்து மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அங்கிள், என்ன சட்டை?" என்று என்னைக் கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்வேன்?

அந்த அரை நிமிடம் எங்களுக்காக நடக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. மேலே மாட்டியிருக்கும் கேமராவுக்காக நடந்தது. சாயங்காலம் அது சப்டைட்டிலோடும் ஒரு குரங்கு இமோஜியோடும் இன்ஸ்டாகிராமில் வந்திருக்கும், நாலு பேர் லைக் போட்டிருப்பார்கள். நல்லது. ஆனால் நேரலையில் கேட்டுக்கொண்டிருந்த நாங்கள், யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாண வீடியோவுக்கு வெளியே நின்று சத்தம் மட்டும் கேட்ட மாதிரி ஆகிவிட்டோம்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. கையில் போன் வைத்திருப்பவர்கள் இன்று ரேடியோவைத் தேடி வருவதில்லை. ஒரு காலத்தில் சாதாரண பட்டன் போனிலேயே எஃப்எம் இருந்தது, இயர்போன் ஒயர்தான் அதற்கு ஆன்டெனா, ஒயரைக் கொஞ்சம் அசைத்தால் கரகரவென்று போய்விடும், பேருந்தில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாட்டு கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போது வரும் பல ஸ்மார்ட்போன்களில் அந்த வசதியே இல்லை. அதனால் ஆட்களைத் தேடி நீங்கள் ரீல்ஸுக்குப் போகிறீர்கள். சினிமாவுக்கும் இதுதான் வாசல். மிர்ச்சி சிவா, ஆர்ஜே பாலாஜி என்று பெயரோடு வானொலியை ஒட்டிக்கொண்டே வெள்ளித்திரைக்குப் போனவர்கள் கண் முன்னால் இருக்கும்போது, மைக்குக்குப் பின்னாலேயே முகத்தை மறைத்துக்கொண்டு இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. முகம் காட்டுங்கள், நன்றாக வாருங்கள். ஆனால் ஏழிலிருந்து பத்துவரை உங்களைக் கேட்கிறவர்கள் யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கல்லில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறவர், பூ கட்டுகிறவர், அபார்ட்மென்ட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன், தையல் மெஷினில் கால் வைத்திருப்பவர், ஷேர் ஆட்டோக்காரர், நான். எங்கள் கையும் கண்ணும் வேறு வேலையில் இருக்கின்றன. சும்மா இருப்பது காது ஒன்றுதான். உங்கள் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டு ரோட்டிலிருந்து நான் கண்ணை எடுத்தால் அடுத்த நாள் காலை நிகழ்ச்சியில் என்னைப் பற்றித்தான் பேசவேண்டியிருக்கும்.

காதை மட்டும் வைத்துக்கொண்டு சிரிக்கவைப்பது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. இந்தியாவிலேயே பண்பலை ஒலிபரப்பு முதலில் வந்தது இந்த ஊரில்தான், 1977இல். அந்தக் காலத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் இலங்கை வானொலியின் பொங்கும் பூம்புனலோடுதான் பல் தேய்த்தார்கள். அப்புறம் அகில இந்திய வானொலியின் தென்கச்சி கோ. சுவாமிநாதன். அவர் 2009இல் காலமானார், அவருடைய 'இன்று ஒரு தகவல்' இன்றைக்கும் யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். கேட்டுப் பாருங்கள். ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே போவார், கடைசியில் ஒரு குட்டிக் கதை, அதில் ஒரு கடி. சொல்லிவிட்டுச் சிரிக்கமாட்டார். ரேஷன் கடையில் விலாசம் சொல்கிற குரலில் சொல்லிவிட்டுப் போய்விடுவார், சிரிப்பதெல்லாம் நம் வேலை. இப்போது நீங்கள் ஜோக்கைச் சொல்வதற்கு முன்பே சிரிக்க ஆரம்பிக்கிறீர்கள், பக்கத்தில் இருப்பவர் அதற்கும் மேல் சிரிக்கிறார், போதாததற்கு ஒரு பொத்தானை அமுக்கி மெஷின் சிரிப்பும் விடுகிறீர்கள். நாங்கள் சிரிப்பதற்கு இடம் எங்கே இருக்கிறது? மொக்கை ஜோக்தான் என்றாலும் பரவாயில்லை, அதை மொக்கை என்று சொல்லும் சுகத்தையாவது எங்களுக்கு விட்டுவையுங்கள்.

பழைய ஆட்களைச் சொல்லி உங்களை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்கவேண்டாம். உங்களில் ஒருவரே செய்த ஒன்றைச் சொல்கிறேன். மழைக்காலம், விடிய விடியக் கொட்டித் தீர்த்திருக்கிறது, விடுமுறை அறிவிப்பு வரவில்லையே என்று பாதிப் பிள்ளைகள் யூனிஃபார்மோடு வண்டியில் ஏறிவிட்டார்கள். அந்த மாதிரிக் காலைகளில் தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியரைவிடப் பெரிய சூப்பர் ஸ்டார் கிடையாது. ரேடியோவில் அந்த ஆர்ஜே ஆரம்பித்தார்: "பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டுள்ள மாவட்டங்கள்." நிறுத்தினார். "திருவள்ளூர்." நிறுத்தினார். "காஞ்சிபுரம்." வண்டியில் ஒரு சத்தம் இல்லை, வைப்பர் ஓடுகிற சத்தம் மட்டும்தான். "செங்கல்பட்டு." ஒரு பையன் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டான். "அப்புறம்…" என்று இழுத்துவிட்டு, மனிதர் பாட்டைப் போட்டுவிட்டார்! வண்டிக்குள் எழுந்த கூச்சலை வாசகர்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். பாட்டு முடிகிறவரை எல்லோரும் அவரைத் திட்டினோம், நானும்தான். முடிந்ததும் ரொம்பச் சாதுவாக, "சென்னைக்கு லீவு இல்லை, குடை எடுத்துட்டீங்களா?" என்றார். இதற்குக் கேமரா வேண்டுமா, மெஷின் சிரிப்பு வேண்டுமா? வாயை மூடிக்கொண்டு இருந்ததிலேயே வேலை முடிந்துவிட்டது. அவருடைய முகம் எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்னொன்று. தனியார் பண்பலையில் நீங்கள் சொந்தமாகச் செய்தி சொல்லக்கூடாது என்பது அரசின் விதி. அகில இந்திய வானொலியின் செய்தியை வேண்டுமானால் வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். மணிக்குப் பத்து நிமிடம் செய்திக்கு அனுமதிக்கலாம் என்று 2023இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. ஆனால் போக்குவரத்து நெரிசல், வானிலை, பரீட்சை முடிவு, விளையாட்டு, தண்ணீர், கரண்ட் இதெல்லாம் செய்திக் கணக்கிலேயே வராது என்று அதே அரசுதான் சொல்லியிருக்கிறது. யோசித்துப் பாருங்கள், அரசியலை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு சென்னைக்காரன் காலையில் புலம்புகிற மொத்த சமாச்சாரத்தையும் உங்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆவின் பச்சை பாக்கெட் கிடைக்காமல் ஊதா பாக்கெட்டை நீட்டினால் வீட்டில் காபிக்கு என்ன பஞ்சாயத்து நடக்கும் என்பதே அரை மணி நேரத்துக்கு வரும். ஊருக்கு வெளியே கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறந்தபோது என் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவர், "மாமியார் ஊரு திண்டிவனம், முன்னாடி பஸ் ஏறினா மாமியார் வீடு வரும், இப்ப பஸ் ஏறப் போறதுக்குள்ள மாமியாரே வந்துடுறாங்க" என்றார். இது டீக்கடையில் வந்த ஜோக். உங்களிடம் இருந்து வந்திருக்கவேண்டியது. நீங்களோ முந்தின நாள் எல்லோர் போனிலும் வந்த மீமை, படம் இல்லாமல், வாயால் விவரித்துக்கொண்டிருந்தீர்கள்.

சினிமாப் பேச்சும் அப்படித்தான். வேண்டாம் என்று சொல்ல நான் யார், சினிமா இல்லாமல் நமக்கு எந்தக் காலை விடிந்தது. ஆனால் தமிழ்நாட்டில் பெரிய படத்துக்கும் முதல் காட்சி இப்போது ஒன்பது மணிக்குத்தான். வெள்ளிக்கிழமை ஏழரைக்கே "படம் வேற லெவல், தியேட்டர் தெறிக்குது" என்கிறீர்களே, ராத்திரியோடு ராத்திரியாகக் கேரள எல்லை தாண்டிப் பாலக்காடு போய் விடிகாலைக் காட்சி பார்த்துவிட்டு வந்தீர்களா? பார்க்காத படத்தைப் பற்றிப் பேசுவதில்தான் நிஜமான கூத்தே இருக்கிறது, டிக்கெட் கிடைக்காதவன், லீவு சொல்ல இல்லாத பாட்டியைச் சாகடித்தவன், பொண்டாட்டிக்குத் தெரியாமல் கிளம்புகிறவன் என்று எத்தனை பேர் காலையில் தெருவில் இருக்கிறார்கள். அவர்களை லைனில் பிடியுங்கள்.

லைன் என்றதும்தான் பெரிய குறை ஞாபகம் வருகிறது. நேயர்கள் எங்கே போனார்கள்? முன்பெல்லாம் யாராவது ஒரு அக்கா லைனில் வருவார். "ரேடியோ சவுண்டைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்பதில் தொடங்கும். எங்கிருந்து பேசுறீங்க, சாப்டாச்சா, என்ன டிபன் என்று போகும். ஒருமுறை ஒரு அம்மா கூடுவாஞ்சேரியிலிருந்து பேசினார். என்ன சமையல் என்று கேட்டதற்கு, "சும்மா இட்லி, சாம்பார்தாங்க" என்றார். பின்னாலிருந்து வயசான குரல் ஒன்று, "சாம்பார் எங்க வெச்ச? நேத்து புளிக்குழம்பு" என்று தெளிவாகக் கேட்டது. சரியாக அந்த நேரத்தில் குக்கர் விசில். அந்த ஆர்ஜேவுக்கு மூளை இருந்தது, ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அம்மாவே சிரித்துவிட்டு, "மாமியாருங்க" என்றார். எந்த எழுத்தாளரை உட்காரவைத்து எழுதினாலும் இது வராது. இப்போது நேயர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பவேண்டும், அதை நீங்கள் வெட்டி, முன்னும் பின்னும் கத்தரித்து, "ஹாய், நான் உங்க பெரிய ஃபேன்" என்பதை மட்டும் போடுகிறீர்கள். குக்கரும் போச்சு, மாமியாரும் போச்சு.

நேரலையில் யார் எப்போது என்ன சொல்வார்களோ என்கிற பயம் நியாயம்தான். ஆனால் அந்தப் பயம் பிராங்க் கால் போடும்போது எங்கே போகிறது என்று தெரியவில்லை. கூரியர் வந்திருக்கிறது, லோன் கட்டவில்லை என்று யாரோ ஒரு அப்பாவியைப் பத்து நிமிடம் பதறவைத்துவிட்டு, "சும்மா, நாங்கதான்" என்று சிரிப்பதில் எனக்கு ஒரு காலத்திலும் சிரிப்பு வந்ததில்லை. நிஜமாகவே லோன்காரன் மிரட்டுகிற காலம் இது. விட்டுவிடுங்கள். இரட்டை அர்த்தத்தையும் ஒன்பது மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், என் வண்டி காலியாகிவிடும். விளம்பரத்தைப் பற்றி எனக்குப் பேச்சே இல்லை, அதுதான் உங்கள் சம்பளம், செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனையை 'சென்னைக்கு மிக அருகில்' என்று நீங்கள் சொல்வதே தனி காமெடிதான்.

கேட்பது ஒன்றே ஒன்று. வருகிற திங்கட்கிழமை ஏழரையிலிருந்து எட்டரைவரை அந்தக் கேமராவை அணைத்துவிட்டு, போன் லைனைத் திறந்து வையுங்கள். தலைப்பு வேண்டுமானால் நானே தருகிறேன்: 'திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகாமல் இருக்க இதுவரை சொன்னதிலேயே பெரிய பொய்'. என் வண்டியில் இருப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லத் தயாராக இருக்கிறார்கள், ஒருவன் வீட்டு ஆட்டுக்குட்டியையே சம்பந்தப்படுத்தி வைத்திருக்கிறான், அவர்கள் வீட்டில் ஆடே கிடையாது. வடபழனி சிக்னலுக்கு முன்னால் ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் போன் செய்வேன், ஓட்டிக்கொண்டே பேசமாட்டேன். நம்பர் பிஸியாக இருந்தால் பரவாயில்லை, திரும்பவும் போடுவேன். எடுத்தால் எங்களுக்குப் பாட்டெல்லாம் போடவேண்டாம், பிள்ளைகளைப் பேசவிட்டால் போதும்.

இப்படிக்கு,
வளசரவாக்கம்–வடபழனி வழித்தடத்து வேன் அங்கிள்