உண்ணிக்காய்ச்சலுக்கு மருந்து தொடங்கியும் பின்னேரக் காய்ச்சல் விடவில்லையா?

ஆசிரியர் அவர்கட்கு,

உண்ணிக்காய்ச்சல் என்று மருத்துவர் சொல்லி டொக்சிசைக்கிளின் தொடங்கிய வீடுகளில் நாலாம், ஐந்தாம் நாள் ஒரு பேச்சு எழும். பகலில் ஆள் பரவாயில்லை. பொழுது சாய 99.5, 100 பரனைற் என்று மெல்லக் காய்கிறது. "மருந்து வேலை செய்யுது, கிருமி சாகேக்கை அப்பிடித்தான் காயும்" என்று பக்கத்து வீட்டிலோ, கனடாவிலிருந்து தொலைபேசியிலோ ஒருவர் ஆறுதல் சொல்வார். இந்த ஆறுதல் பெரும்பாலும் பிழை. கொழும்பில் அது ஆபத்தும்கூட.

உண்ணிக்காய்ச்சல் என்ற ஒரே பெயருக்குள் இங்கே சில நோய்கள் அடங்கியிருக்கின்றன. உண்ணி கடித்து வரும் புள்ளிக் காய்ச்சல் மலையகத்தில் கூடுதல். வடக்கிலும் தாழ்நிலப் பகுதிகளிலும் காணப்படும் ஸ்க்ரப் டைபஸ், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியின் குடம்பி கடிப்பதால் வருவது. கிருமிகள் வேறானாலும் மருந்து ஒன்றுதான். வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இரு தடவை, ஏறத்தாழ ஒரு வாரம். கர்ப்பிணிகளுக்கு அநேகமாக அசித்ரோமைசின். சரியான நோய்க்குச் சரியான மருந்து உடலில் சேர்ந்தால் 48 மணித்தியாலத்தில் காய்ச்சல் இறங்கத் தொடங்கிவிடும். 72 மணித்தியாலம்தான் கெடு. அதைத் தாண்டியும் காய்ந்தால் காரணம் தேட வேண்டுமே தவிர, பொறுத்திருந்து பார்ப்பது சரியல்ல.

"கிருமி சாகும் காய்ச்சல்" முழுக் கட்டுக்கதையும் அல்ல. 1895இல் யாரிஷ், 1902இல் ஹெர்க்ஸ்ஹைமர் என்ற மருத்துவர்கள் சிபிலிஸ் நோயாளரில் கண்டு எழுதியது அது. எலிக்காய்ச்சல், லைம் நோய் போன்ற சுருளி வடிவக் கிருமி நோய்களிலும் வரும். ஆனால் முதல் வேளை மருந்துக்குச் சில மணித்தியாலங்களின் பின் நடுக்கத்தோடு வந்து, ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். ஐந்தாம் நாள் பின்னேரம் வருவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

முதலில், காய்வது உண்மையில் காய்ச்சல்தானா என்று பார்க்க வேண்டும். நலமாக இருப்பவருக்கும் பின்னேரத்தில் உடல் வெப்பம் காலையைவிட அரைப் பாகை செல்சியஸ் அளவில் கூடும். 37.2 பாகை, அதாவது 99 பரனைற், காய்ச்சல் அல்ல. கமக்கட்டில் எடுத்தால் வாயில் எடுப்பதைவிடச் சுமார் அரைப் பாகை செல்சியஸ் குறைவாகக் காட்டும். காலையில் ஓரிடத்திலும் மாலையில் வேறிடத்திலும் வைத்து "கூடிவிட்டது" என்று பதறுவது வீண். ஒரே தெர்மோமீற்றர், ஒரே இடம். கமக்கட்டு வியர்வையைத் துடைத்து, கையை உடலோடு இறுக்கி, ஒலி கேட்கும்வரை பொறுங்கள். பழைய இரசக் கருவியானால் முழுதாக ஐந்து நிமிடம். குளித்ததும், சுடச்சுடத் தேநீர் குடித்ததும், போர்வைக்குள் இருந்து எழுந்ததும் அரை மணித்தியாலம் விடுங்கள்.

இன்னொரு மறைப்பு பரசிற்றமோல். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஓயாமல் போட்டுக்கொண்டிருந்தால் 72 மணித்தியாலக் கெடுவைக் கணிக்கவே முடியாது. குளிசை போடுவதற்கு முன் வெப்பத்தை எடுத்து எழுதுங்கள். 50 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளி, நாளுக்கு எட்டைத் தாண்டக்கூடாது. தடிமன் மருந்துகளுக்குள் ஒளிந்திருக்கும் பரசிற்றமோலும் இந்த எட்டுக்குள் அடங்கும். பிள்ளைகளுக்கு நிறைக்கேற்ப, கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேற்படாமல். ஈரல் நோயுள்ளவர் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். 99.5 என்ற எண்ணைப் பார்த்தவுடன் குளிசை தேவையில்லை. உடம்பு உளைவும் தலையிடியும் தாங்க முடியாதபோது போடுங்கள்.

உண்மையிலேயே காய்கிறது என்றால், அடுத்துக் கேட்க வேண்டியது மருந்து உடலில் சேர்ந்ததா என்பது. அதிகம் பிழைபோவது இங்கேதான். டொக்சிசைக்கிளின் கல்சியம், மக்னீசியம், அலுமினியம், இரும்பு, நாகம் (சிங்க்) ஆகிய உலோகச் சத்துகளோடு குடலில் கட்டுண்டு, உறிஞ்சப்படாமல் வெளியேறும். வயிற்றெரிவுக்குக் குடிக்கும் வெள்ளைத் திரவ மருந்து, கல்சியம் குளிசை, நாகம் சேர்ந்த விற்றமின் எல்லாம் இதற்குள் அடங்கும். குறைந்தது இரண்டு, மூன்று மணித்தியாலம் தள்ளி எடுக்க வேண்டும். (வயிற்றெரிவுக்கு எடுக்கும் ஒமெப்ரசோல் இந்த வகை அல்ல.) பால்தேநீரின் பாதிப்பு இவற்றைவிடக் குறைவு, ஆனாலும் காலையில் ஒரு பெரிய கோப்பை பால்மாவோடு குளிசையை விழுங்கும் நம் வழக்கத்தை அந்த ஒரு வாரம் விடலாம், பிளேன்ரீ போதும். இரும்புக் குளிசை தனிக் கதை: உறிஞ்சப்பட்ட டொக்சிசைக்கிளின் பித்தத்தோடு மீண்டும் குடலுக்கு வரும்போதும் இரும்பு அதைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே இடைவெளி மட்டும் போதாது. அந்த வாரம் இரும்பை நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வலிப்புக்குக் கார்பமசெபின், பெனிற்றோயின் எடுப்பவர்களும் சொல்ல வேண்டும்; அவை டொக்சிசைக்கிளினை உடல் விரைவாக அழிக்கச் செய்யும்.

வெறும் வயிற்றில் குமட்டும். நாலு வாய் சோறோ பாணோ சாப்பிட்டபின் ஒரு முழுக் கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலம் சாயாமல் இருங்கள். படுக்கப் போகும்போது ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கினால் குளிசை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பிறகு விழுங்கும்போது நெஞ்சு நோகும், அந்த நோவுக்குப் பயந்து மருந்தையே விட்டுவிடுவார்கள். குடித்து அரை மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் அந்த வேளை போய்விட்டது என்று கொண்டு மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டாம் நாள் சுகமென்று நிறுத்துவதும் காய்ச்சல் திரும்ப ஒரு காரணம்.

மருந்து ஒழுங்காகச் சேர்ந்தும் காய்ந்தால், நோயே வேறாக இருக்கலாம். கொழும்பில் முதலில் நினைக்க வேண்டியது டெங்கு. 2017இல் மட்டும் நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு எனப் பதிவான மண் இது. உண்ணிக்காய்ச்சலில் வெப்பம் இறங்குவது சுகத்தின் அடையாளம். டெங்கில் அப்படியல்ல, மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் வெப்பம் இறங்கும் அதே நேரத்தில்தான் குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ஆள் விழுவது. 102 இலிருந்து 99.5க்கு இறங்கியதைக் கண்டு "மருந்து பிடிச்சிட்டுது" என்று எல்லோரும் நித்திரைக்குப் போகும் இரவு அது. அதனால் மருந்து எதுவாக இருந்தாலும், காய்ச்சலின் மூன்றாம் நாள் முழுக் குருதிக் கணக்கு எடுத்து, மருத்துவர் சொல்லும்படி மீண்டும் எடுக்க வேண்டும். உண்ணிக்காய்ச்சலிலும் குருதிச் சிறுதட்டுகள் குறையும், ஆகவே அந்த ஓர் எண்ணை வைத்து வீட்டில் நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் ஒரு இலட்சத்துக்குக் கீழே போனால் வைத்தியசாலையில் சேர வேண்டும். டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை ஐபுபுரூபன், டைக்ளோபினாக், மெபனமிக் அசிட், அஸ்பிரின் எதுவும் வேண்டாம்; டைக்ளோபினாக் மலவழிக் குளிசையும் அப்படியே. (இதயத்துக்கு அஸ்பிரின் எடுப்பவர் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்கட்டும்.) வளர்ந்தவர் நாளுக்கு இரண்டரை லீற்றர் அளவில் கஞ்சி, இளநீர், ஜீவனி (உப்புச்சர்க்கரைக் கரைசல்) என்று குடிக்கலாம், இதய, சிறுநீரக நோயாளர் தவிர. ஜீவனி பைக்கற்றை அதில் எழுதியுள்ள அளவு நீரிலேயே கரைக்க வேண்டும். பாதிப் பைக்கற், பாதிக் கோப்பை என்ற கண்ணளவு உதவாது. கொத்தமல்லித் தண்ணீரும் நீர்தான், குடிக்கலாம், மருந்துக்கு ஈடாகாது.

நெருப்புக் காய்ச்சல், காசநோய், மருந்து ஏற்றிய ஊசி இடத்தில் குருதி நாளம் வீங்கி வரும் காய்ச்சல் ஆகியவையும் இந்த வரிசையில் உண்டு. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது. ஆனாலும் இந்தியா, ஆபிரிக்கா சென்று வந்தவருக்கு மலேரியாப் பரிசோதனை கட்டாயம். டொக்சிசைக்கிளின் மலேரியாவை மெல்ல அடக்கி வைக்கும், தனியே குணமாக்காது. விட்டுவிட்டுக் காய்வதற்கு இதைவிட வசதி வேறில்லை. கனடா, ஐரோப்பாவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் லைம் நோய்க்கு இதே மருந்தைக் குடித்துக்கொண்டு வந்து இங்கே காய்ந்தால், லைம் நோயைப் பரப்பும் உண்ணியே கடத்தும் பபேசியாவை நினைக்க வேண்டும். செங்குழியங்களுக்குள் வாழும் அந்த ஒட்டுண்ணிக்கு டொக்சிசைக்கிளின் கேட்காது. குருதிப் படலத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும், மருந்தும் வேறு.

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாள் கொண்டுபோங்கள்: முதற் குளிசை விழுங்கிய திகதியும் நேரமும், ஒவ்வொரு வேளை மருந்தும், வெப்பமும் எடுத்த இடமும், பரசிற்றமோல் நேரம், குடித்த அளவு, சலம் போன தடவை. கடந்த மூன்று வாரத்தில் எங்கே போனீர்கள் என்பதும் வேண்டும். தீபாவளிக்கு மலையகத் தோட்டத்துக்குப் போனது, யாழ்ப்பாணத்தில் வளவு துப்புரவாக்கியது எல்லாம் சேர்த்து. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோலக் கறுத்த, நோகாத புண் கமக்கட்டு, அரை, முழங்கால் பின்புறம், மார்பின் கீழ், தலைமயிருக்குள் இருக்கிறதா என்று உடுப்பைக் கழற்றிப் பாருங்கள். நோயாளிக்கே தெரியாமல் இருக்கும். முதல் வாரத்தில் எதிருடல் பரிசோதனை இல்லையென்று வந்தால் நோய் இல்லையென்று ஆகாது. இரண்டு வாரம் விட்டு இரண்டாவது மாதிரியில் அளவு நான்கு மடங்கு கூடியதா என்று பார்ப்பதே முறை. 1916இல் வந்த வெய்ல்-பீலிக்ஸ் என்ற பழைய குருதிச் சோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

மூச்சு முட்டல், தடுமாறிய பேச்சு, கழுத்து விறைப்பு, கடும் வயிற்றுநோ, நிற்காத சத்தி, குருதிக் கசிவு, கண் மஞ்சள், கைகால் குளிர்தல், ஆறு மணித்தியாலம் சலம் போகாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 72 மணித்தியாலக் கணக்கு வேண்டாம், உடனே வைத்தியசாலை.

மருந்தகங்களுக்கு ஒரு வேண்டுகோள். டொக்சிசைக்கிளின் உறையில் "1, இரு வேளை" என்று கிறுக்கித் தருவது போதாது. "சாப்பாட்டின் பின், முழுக் கிளாஸ் தண்ணீர், அரை மணித்தியாலம் படுக்க வேண்டாம், வயிற்றெரிவு மருந்தும் சத்துக் குளிசையும் மூன்று மணித்தியாலம் தள்ளி" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு முத்திரை செய்து குத்தலாம். செலவு அந்த ஒரு முத்திரைதான்.

இப்படிக்கு,
காய்ச்சல் நோயாளர் பராமரிப்பில் பணியாற்றும் இருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.