மெட்டாலிக்காவுக்கு ஒரு திறந்த மடல்: ஜேசனின் பேஸ் எங்கள் காதுக்கு வரட்டும்

கிட்டார் வாசித்துப் பாடும் ஜேம்ஸ், ட்ரம்ஸ் வாசிக்கும் லார்ஸ், கிட்டார் வாசிக்கும் கர்க், பேஸ் வாசிக்கும் ராபர்ட் என்று மெட்டாலிக்கா மெட்டல் குழுவின் நால்வருக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். 1988ல் நீங்கள் வெளியிட்ட '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில் ஜேசன் நியூஸ்டெட், பாட்டின் அடிச்சுரத்தைத் தாங்கும் பேஸ் கிட்டார் வாசித்தார். அட்டையில் பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது. 65 நிமிடம் ஓடும் ஆல்பத்தில் வாசிப்பு மட்டும் காதில் விழுவதில்லை. 2028ல் அதற்கு 40 வயது ஆகிறது. அதற்குள் பேஸ் ஒழுங்காகக் கேட்கும்படி இன்னொரு மிக்ஸ் செய்து, அதாவது தனித்தனியாகப் பதிந்த கருவிகளின் ஒலி அளவை மறுபடி சரிசெய்து சேர்த்து, உங்கள் பெயரிலேயே முறைப்படி வெளியிடுங்கள். பழையதைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அது பாட்டுக்கு அது இருக்கட்டும், பக்கத்தில் இது இருக்கட்டும்.

தமிழில் எழுதினால் அவர்களுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். யாராவது மொழிபெயர்த்துக் கொடுப்பார்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும், உங்களுக்கு எழுதும் சாக்கில் ஜேசனைப் பற்றி இங்கே நாலு பேருக்குச் சொன்னதாக ஆகட்டும். 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' தெரிந்தவர்கள் இங்கே ஏராளம். அதில் பேஸ் வாசித்தது யார் என்று கேட்டால் பாதிப் பேர் ஜேசனுக்கு முன் வாசித்த கிளிஃப் பர்ட்டன் என்பார்கள், மீதிப் பேர் ஜேசனுக்குப் பின் வந்த ராபர்ட் என்பார்கள்.

1986 செப்டம்பர் 27 அதிகாலை, ஸ்வீடனில் உங்கள் பஸ் கவிழ்ந்து கிளிஃப் இறந்துபோனார். அவருக்கு வயது 24. அந்த இழப்பின் கனம் உங்கள் ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரே மாதத்தில் புதிய ஆளைத் தேடினீர்கள். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் வந்து வாசித்துக் காட்டினார்கள். கர்க்கின் பள்ளித் தோழர் லெஸ் கிளேபூலும் அவர்களில் ஒருவர். ஃபீனிக்ஸ் நகரின் ஃப்ளாட்சம் அண்ட் ஜெட்சம் குழுவிலிருந்து வந்த 23 வயது ஜேசன், உங்கள் பாடல்களையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்து, எது வேண்டுமோ சொல்லுங்கள் வாசிக்கிறேன் என்று நின்றார். அக்டோபர் 28ல் சேர்ந்தவர், நவம்பர் 8ல் கலிஃபோர்னியாவின் ரெசீடாவில் உங்களோடு மேடையேறினார். அந்த வேகத்தில் நாங்கள் ஒரு கல்யாணத்துக்கு மண்டபம்கூடப் பிடித்திருக்க மாட்டோம்.

அதன்பிறகு நடந்தவற்றை நீங்களே பல பேட்டிகளில் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். 'புதுப் பையன்' என்ற பட்டப்பெயர், ஜப்பானில் வேறு ஏதோ என்று சொல்லி ஊட்டிய வசாபி, உங்கள் ஓட்டல் செலவையெல்லாம் அவர் அறைக் கணக்கில் எழுதியது. நண்பனை இழந்த துக்கத்தை வந்தவன் மேல் இறக்கி வைத்தீர்கள். இருபதுகளில் இருந்த பையன்கள், அழத் தெரியவில்லை, சரி. இதற்கெல்லாம் இப்போது விளக்கம் கேட்டு என்ன ஆகப்போகிறது. ஆனால் ஆல்பம் அப்படி இல்லையே. அது இன்றைக்கும் விற்கிறது, இன்றைக்கும் ஒருவர் காதில் மாட்டிக் கேட்கிறார்.

நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டிக்கொண்டு 'ப்ளாக்கண்ட்' பாடலைப் போட்டுப் பாருங்கள். தலைகீழாக ஓடவிட்ட கிட்டார்கள் மெல்ல ஏறி வருகின்றன. அப்புறம் ஜேம்ஸின் ரிஃப், திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி, இடது காதிலும் வலது காதிலும் சுவர் மாதிரி எழும்புகிறது. நடுவில் லார்ஸின் கிக் ட்ரம், மரத்தில் ஆணி அடிக்கிற சத்தத்தோடு. அடியில் என்ன இருக்கிறது என்று தேடினால் ஒன்றும் இல்லை. கிட்டாரின் தடித்த தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது, பேஸின் தடித்த தந்தி 41ல். அந்த ஒரு மாடி முழுக்கக் காலி. இதில் ஒரு வேடிக்கை: அந்தப் பாட்டை எழுதியவர்களில் ஜேசனும் ஒருவர். தான் சேர்ந்து எழுதிய பாட்டில் தானே கேட்காமல் போன பேஸ் கலைஞர் வேறு யாரும் இருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தேன், சட்டென்று ஒரு பெயரும் வரவில்லை.

வாசிப்பு மோசமாக இருந்ததா? ஆல்பத்தைப் பதிவு செய்த ஃப்ளெமிங் ராஸ்முஸன், அந்த பேஸ் ட்ராக்குகள் அற்புதமானவை என்று பலமுறை சொல்லியிருக்கிறார். மிக்ஸ் செய்த ஸ்டீவ் தாம்ஸன் சொன்ன கதை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பேஸ் கேட்டும் கேட்காத அளவுக்குக் குறைக்கச் சொன்னாராம் லார்ஸ். குறைத்தார்களாம். இன்னும் ஐந்தாறு டெசிபல் இறக்கு என்றாராம். இவ்வளவும் நடந்து இருபது வருடம் கழித்து, 2009ல் க்ளீவ்லாந்தில் உங்களை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்த சமயத்தில், அதே தாம்ஸனிடம் அந்த ஆல்பத்தில் பேஸ் எங்கே போயிற்று என்று லார்ஸே கேட்டாராம். லார்ஸ், இது உண்மையானால் உங்கள் நகைச்சுவை உணர்வுக்கு ஒரு கும்பிடு.

தப்பு முழுக்க மிக்ஸில்தான் என்றும் சொல்ல மாட்டேன். அப்போது ஜேசன் கிட்டார்காரர் மாதிரிதான் வாசித்தார். ஜேம்ஸின் ரிஃப் எங்கே போகிறதோ அங்கேயே பிக்கால் அடித்துக்கொண்டு போனார். இருவரும் ஒரே அலைவரிசைக்கு முட்டிக்கொண்டோம் என்று அவரே பிற்பாடு சொன்னதுண்டு. உங்களில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை, ஓர் உதவிப் பொறியாளரை வைத்துக்கொண்டு மளமளவென்று வாசித்து முடித்தார். இந்த இடத்தில் கொஞ்சம் ஏற்று, இந்த இடத்தில் கொஞ்சம் விலகி நில் என்று சொல்ல ஆளில்லை. மூன்று வருடம் கழித்து பாப் ராக் என்ற தயாரிப்பாளர் வந்து அதைச் சொன்னார். அதே மனிதர், அதே விரல்கள். 1991ன் கறுப்பு ஆல்பத்தில் 'சாட் பட் ட்ரூ' எப்படி இறங்குகிறது! அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடிப் பிரதிகளைத் தாண்டிய ஆல்பம் அது. அதில் 'மை ஃப்ரெண்ட் ஆஃப் மிஸரி' ஜேசனின் பேஸில்தான் தொடங்குகிறது. அதைக் கேட்ட பிறகு 'ஜஸ்டிஸ்' பக்கம் திரும்பினால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும்.

அந்த ஆல்பத்திலேயே 'டு லிவ் இஸ் டு டை' என்று ஒரு பாட்டு. கிளிஃப் விட்டுப்போன துணுக்குகளைச் சேர்த்துக் கட்டியது, எழுதியவர் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது. மனம் நெகிழ வைக்கும் காரியம். இறந்தவரின் இசையை அவ்வளவு கவனமாக எடுத்து வைத்தவர்களுக்கு, உயிரோடு பக்கத்து அறையில் இருந்தவரின் இசையை எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

நாங்கள் எப்படிச் சமாளிக்கிறோம் தெரியுமா? 1993ல் நீங்கள் வெளியிட்ட கச்சேரிப் பெட்டியில் 1989ன் சியாட்டில் நிகழ்ச்சி இருக்கிறது. 'ஜஸ்டிஸ்' பாடல்கள் உண்மையில் எப்படி இருக்க வேண்டியவை என்று அதில் தெரிகிறது. ஜேசன் தலையைச் சுழற்றிச் சுழற்றி ஆடிக்கொண்டே, பின்குரலில் உறுமிக்கொண்டே வாசிக்கிறார். பேஸ் கேட்கிறது, பாட்டு நிமிர்ந்து நிற்கிறது. அப்புறம் 2009ல் 'கிட்டார் ஹீரோ: மெட்டாலிக்கா' என்ற வீடியோ கேம். பிளாஸ்டிக் கிட்டாரில் பச்சை, சிவப்பு, மஞ்சள் பொத்தானை அமுக்கி விளையாடுவது. ஒவ்வொரு கருவியையும் தனியாக விளையாட வேண்டும் என்பதால் பேஸையும் தனி ட்ராக்காகக் கொடுக்க வேண்டி வந்தது. ரசிகர்கள் அந்த மாதிரி கேம்களிலிருந்து ட்ராக்குகளை உருவி, தாங்களே மிக்ஸ் செய்து, 'அண்ட் ஜேசன் ஃபார் ஆல்' என்று பெயரும் வைத்து இணையத்தில் உலவவிட்டார்கள். பொம்மை கிட்டாரை வைத்துக்கொண்டு விளையாடும் பிள்ளைக்குக் கிடைத்தது, காசு கொடுத்து ஆல்பம் வாங்கியவருக்குக் கிடைக்கவில்லை.

2018ல் பெரிய பெட்டியாக அந்த ஆல்பத்தின் மறுபதிப்பு வந்தபோது ஆவலோடு காத்திருந்தோம். ரீமாஸ்டர் மட்டும்தான், முடிந்த மிக்ஸின் ஒலியை மெருகேற்றினோம், மிக்ஸில் கைவைக்கவில்லை என்றீர்கள். பழைய ஆல்பம் அந்தக் காலத்தின் பதிவு, அதை மாற்றினால் வரலாற்றை மாற்றுவதாகும் என்பது உங்கள் வாதம். இதை நான் மதிக்கிறேன். ஆனால் இது நடக்காத காரியமும் இல்லை. ரஷ் குழு 'வேப்பர் ட்ரெயில்ஸ்' ஆல்பத்தை 2013ல் மறுபடி மிக்ஸ் செய்து வெளியிட்டது. பிங்க் ஃப்ளாய்ட் 1987ன் 'எ மொமெண்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்' ஆல்பத்தை 2019ல் திருத்தி, அதில் ஒதுங்கிப்போயிருந்த ரிச்சர்ட் ரைட்டின் கீபோர்டையும் நிக் மேஸனின் ட்ரம்ஸையும் சேர்த்தது. அதனால் பழைய ஆல்பம் எதுவும் காணாமல் போய்விடவில்லை.

ஜேசனே சும்மா இருக்கிறார், உனக்கென்ன வந்தது என்று கேட்கலாம். அவர் சும்மா இருப்பது உண்மைதான். முதலில் கோபப்பட்டார், பிறகு அந்த ஆல்பம் அப்படியே இருக்கட்டும் என்கிற அளவுக்கு வந்துவிட்டார். அவருக்கு நஷ்டஈடு வாங்கித் தர நான் எழுதவில்லை. கேட்கிற எங்களுக்கு அது வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

உங்களோடு 14 வருடம். அதில் எழுதியவர் என்று அவர் பெயர் வந்த பாடல்கள் மூன்றே மூன்று. எக்கோபிரெய்ன் என்று பக்கத்தில் ஒரு சின்னக் குழு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். மனைவிக்குத் துரோகம் செய்கிற மாதிரி என்றார் ஜேம்ஸ். 2001 ஜனவரி 17ல் ஜேசன் விலகினார். இத்தனை வருடம் வாசித்ததில் உடம்புக்குச் செய்துகொண்ட சேதத்தையும் அறிக்கையில் ஒரு காரணமாகச் சொன்னார். கறிவேப்பிலையாக எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்று அன்று பேசிக்கொண்டோம். இன்று யோசித்தால் தன்னையே எடுத்துக்கொண்டு போனவர் அவர்தான். 2022ல் கர்க் தனியாக 'போர்ட்டல்ஸ்' வெளியிட்டார், யாருக்கும் துரோகமாகப் படவில்லை. காலம் மாறியது, நல்லதுதான். இருபது வருடம் முன்னால் மாறியிருக்கலாம்.

வெளியே போனவர் என்ன செய்தார்? நான் மிகவும் மதிப்பது வாய்வாட் காலத்தை. கனடாவின் க்யூபெக்கிலிருந்து வந்த வித்தியாசமான மெட்டல் குழு அது. உங்கள் பக்கத்தில் வைத்தால் வருமானம் ஒன்றுமேயில்லை. தான் ரசித்த குழு என்று போய்ச் சேர்ந்தார். 2003 ஆஸ்ஃபெஸ்ட் சுற்றுப்பயணத்தில் மெட்டல் பாடகர் ஓஸி ஆஸ்போர்னுக்கும் வாசித்தார், அதே நாளில் வாய்வாட்டோடும் ஏறினார். ஓஸியிடம் இருந்த ராபர்ட் உங்களிடம் வர, உங்களிடம் இருந்த ஜேசன் ஓஸியிடம் போனது தனிக்கூத்து. 2005ல் வாய்வாட்டின் கிட்டார் கலைஞர் பிக்கி என்ற டெனி டமூர் புற்றுநோயில் இறந்தார். அவர் லேப்டாப்பில் பதிந்து வைத்துப்போன கிட்டார் ட்ராக்குகளை வைத்து, மற்றவர்கள் சுற்றிலும் வாசித்து, 2006ல் 'கட்டோர்ஸ்', 2009ல் 'இன்ஃபினி' என்று இரண்டு ஆல்பங்களை முடித்தார்கள். இரண்டிலும் பேஸ் ஜேசன். இறந்தவரின் கிட்டார் அவற்றில் கணீரென்று கேட்கிறது.

அப்புறம் தோள்பட்டைக் காயம், அறுவைச் சிகிச்சை, ஓய்வில் தூரிகை பிடித்து ஓவியராகவே ஆனது. 2013ல் நியூஸ்டெட் என்று தன் பெயரிலேயே குழு, ஒரு ஆல்பம், கையைக் கடித்ததால் சீக்கிரம் மூடிவிட்டார். இடையில் 2009ல் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் அவரும் ராபர்ட்டும் சேர்ந்தே வாசித்தார்கள். 2011 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் உங்கள் 30ஆம் ஆண்டுக் கொண்டாட்டம் நடந்த நான்கு இரவும் வந்து நின்றார். கூப்பிட்டபோதெல்லாம் வந்தார். உங்களுக்குள் பகை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் இந்தக் கோரிக்கை நடக்கும் என்று நம்புகிறேன்.

ராபர்ட், உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. ஜாஸ் பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸின் தொலைந்துபோன பேஸ் பல வருடம் கழித்துக் கிடைத்தபோது, அது அவர் குடும்பத்துக்கே திரும்பப் போக உதவியவர் நீங்கள். அவரைப் பற்றிய ஆவணப்படத்துக்குக் கைக்காசு போட்டுத் தயாரித்தவரும் நீங்கள். ஒரு பேஸ் கலைஞரின் ஒலி இந்த உலகத்துக்குக் கிடைக்க வேண்டும் என்று அவ்வளவு மெனக்கெட்ட ஆள் இந்த நால்வரில் வேறு யார்? 2011 அக்டோபரில் பெங்களூருவில் நீங்கள் வாசித்ததைக் கேட்கச் சென்னையிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் உண்டு. அன்று மைதானம் அதிர்ந்தது உங்கள் பேஸில். அந்தச் சலுகை 'ஜஸ்டிஸ்' ஆல்பத்துக்கும் கிடைக்கட்டும் என்று அடுத்த கூட்டத்தில் நீங்கள்தான் பேச்செடுக்க வேண்டும்.

வேலை பெரிதில்லை. மிக்ஸ் செய்ய ராஸ்முஸனையே கேளுங்கள், அவருக்கு அந்த ட்ராக்குகள் அத்துப்படி. ஜேசனுக்கு முதலில் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவர் வேண்டாமென்றால் இந்த மடலைக் கிழித்துப் போட்டுவிடலாம். சம்மதம் என்றால், இந்தத் தடவை மிக்ஸ் நடக்கும்போது அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். லார்ஸ், நீங்கள் அந்த அறைக்கு வரலாம், தாராளமாக. வால்யூம் பொத்தானுக்குக் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு பழைய ரசிகன்